நிழலுக்கு யார் காசு கொடுப்பது? காபி பாக்கெட்டில் ஒரு பறவை முத்திரை வந்த கதை

உங்க வீட்டுச் சமையலறையில் இருக்கிற காபித்தூள் பாக்கெட்டை ஒரு தடவை திருப்பிப் பாருங்க. சிக்கரி கலந்த தூளாக இருந்தால், காபி இத்தனை சதவீதம், சிக்கரி இத்தனை சதவீதம்னு கண்டிப்பா ஒரு வரி இருக்கும். அதைக் கம்பெனி நல்ல மனசோட போடலை, சட்டம் போட வைத்தது. நம்ம நாட்டு உணவுச் சட்டப்படி இந்தக் கலவையில் காபி 51 சதவீதத்துக்குக் குறையக் கூடாது. கலந்திருக்கும் அளவையும் பாக்கெட்டில் எழுதியாகணும்.

ஆக, பாக்கெட்டுக்குள்ளே என்ன இருக்குனு நமக்குத் தெரியும். ஆனா அந்தக் காபி வளர்ந்த தோட்டத்துல என்ன இருந்துச்சு? செடிக்கு மேலே மரம் இருந்ததா, மொட்டை வெயிலா? மரம் இருந்ததுன்னா ஒரே ஜாதி மரமா, பத்துப் பன்னிரண்டு ஜாதியா? அந்த மரத்துல பறவை இருந்துச்சா? வறுத்து அரைத்த தூளை டிகாக்‌ஷன் போட்டுக் குடிக்கிறவருக்கு இதெல்லாம் நாக்கில் தெரியாது. யாராவது தோட்டத்துக்கு நேரில் போய்ப் பார்த்துவிட்டு வந்து சொன்னால்தான் உண்டு.

அப்படிப் போய்ப் பார்த்து, பார்த்ததைப் பாக்கெட்டில் ஒரு சின்ன முத்திரையா எழுத முடியுமானு முயற்சி பண்ணினவங்களோட வரலாறுதான் இன்னைக்கு எபிசோட். அந்தக் கதை பறவையில் ஆரம்பிக்கலை. ஒரு பூஞ்சையில் ஆரம்பிக்குது.

இலங்கையில் இருந்து கிளம்பிய துரு

1869. இலங்கை மலைநாட்டில் மடுல்சீமைப் பக்கம் காபி இலைகளின் அடியில் ஆரஞ்சு நிறத்தில் பொடி மாதிரி ஏதோ படிந்திருப்பதைக் கவனித்தார்கள். மாதிரியை இங்கிலாந்துக்கு அனுப்பினார்கள். அங்கே பெர்க்லி என்ற பூஞ்சை அறிஞர் அதைப் பார்த்துப் பெயர் வைத்தார்: ஹெமிலியா வாஸ்டாட்ரிக்ஸ். 'வாஸ்டாட்ரிக்ஸ்' என்றால் நாசம் செய்வது. பெயருக்கு ஏற்ற மாதிரியே நடந்துகொண்டது. இருபது வருஷத்துக்குள் இலங்கையின் காபித் தொழில் ஏறக்குறைய முடிந்துபோனது. அந்த இடத்தில் தேயிலை வந்தது.

இதில் நமக்கு நேரடித் தொடர்பு உண்டு. அந்தக் காபித் தோட்டங்களை உண்டாக்கியவர்கள் தமிழ்நாட்டில் இருந்து போனவர்கள். மன்னார் வழியாகக் காட்டுப் பாதையில் நடந்தே கண்டி, மாத்தளை வரைக்கும் போனார்கள், வழியிலேயே செத்தவர்களும் ஏராளம். அவர்கள் கையால்தான் மலைக்காடு வெட்டி எரிக்கப்பட்டு, அந்த வெட்டவெளியில் காபி நடப்பட்டது. மலை மலையாக, இடைவெளியே இல்லாமல் ஒரே பயிர்.

1880 முதல் 1882 வரை ஹாரி மார்ஷல் வார்ட் என்ற இளம் தாவரவியலாளர் இலங்கையில் தங்கி இந்த நோயை ஆராய்ந்தார். பூஞ்சையின் வித்துகள் காற்றில் பரவுகின்றன என்பதைக் கண்ணாடித் தகடுகளில் பிடித்துக் காட்டினார். ஒரே பயிர் இப்படி முடிவே இல்லாமல் பரந்து கிடந்தால் நோய்க்கு அதைவிட வசதி வேறு என்ன வேண்டும் என்பது அவருடைய ஆய்வில் தெளிவாகத் தெரிந்தது. ஆனால் அதற்குள் காலம் கடந்துவிட்டது.

கடல் கடந்து அமெரிக்கக் கண்டத்துக்குப் போய்ச் சேர அந்தத் துருவுக்கு 100 வருஷம் ஆனது. 1970-ல் பிரேசில். 1976-ல் நிகராகுவா. இங்கேதான் கதை திரும்புது.

பயத்தில் வெட்டிய மரங்கள்

மெக்சிகோவில் இருந்து கொலம்பியா வரைக்கும் அதுவரை காபி எப்படி வளர்ந்தது தெரியுமா? பெரும்பாலும் மர நிழலில். சிறு விவசாயிகளோட தோட்டத்துல காபிக்கு மேலே ஆரஞ்சு, வாழை, அவகாடோ, விறகு மரம், காட்டு மரம்னு அடுக்கடுக்கா இருக்கும். தூரத்திலிருந்து பார்த்தா காடு மாதிரியே தெரியும். பக்கத்தில் உண்மையான காடு அழிந்துபோன இடங்களில் மிச்சமிருந்த ஒரே மரக்கூட்டம் இந்தத் தோட்டங்கள்தான்.

துரு வந்ததும் அரசுகளுக்கு இலங்கை ஞாபகம் வந்துடுச்சு. இதுக்கு மருந்தா ஒரு 'நவீன' முறையை முன்வைத்தார்கள். மரங்களை வெட்டு, நிழலைக் குறை, குட்டை ரகச் செடிகளை நெருக்கமா நடு, உரமும் பூச்சிமருந்தும் போடு. ஈரம் குறைந்தால் பூஞ்சை குறையும், வெயில் கூடினால் விளைச்சல் கூடும் என்பது கணக்கு. அமெரிக்க அரசின் உதவி நிறுவனமான யுஎஸ்எய்ட் இதற்குக் கோடிக்கணக்கில் பணம் கொடுத்தது. விளைச்சல் நிஜமாவே கூடியது, அதை மறுக்க வேண்டியதில்லை. ஆனால் பயந்த அளவுக்கு அப்போது துரு எல்லா இடத்தையும் அழிக்கவில்லை. குளிர்ந்த உயரங்களில் அதன் வேகம் குறைவாகவே இருந்தது. துரு மெதுவாக வந்தது, மரவெட்டு வேகமாக நடந்தது.

எவ்வளவு வெட்டினார்கள்? 1996-ல் வெளிவந்த ஒரு முக்கியமான ஆய்வுக் கட்டுரை, நிழலைக் குறைத்த நவீன முறைக்கு மாறிய காபி நிலத்தின் பங்கை இப்படிக் கொடுத்தது: மெக்சிகோவில் 17 சதவீதம், கோஸ்டா ரிகாவில் 40 சதவீதம், கொலம்பியாவில் 69 சதவீதம்.

ஒரு மரத்தில் எத்தனை பூச்சி?

அந்தக் கட்டுரையை எழுதியவர்கள் இவெட் பெர்ஃபெக்டோ, ராபர்ட் ரைஸ், ரஸ்ஸல் கிரீன்பெர்க், மார்த்தா வான் டெர் வூர்ட் ஆகிய நான்கு பேர். நிழல் காபி என்பது உயிர்ப்பன்மையின் கடைசிப் புகலிடங்களில் ஒன்று, அது மறைந்துகொண்டிருக்கிறது என்பதுதான் அவர்கள் சொன்னது.

அதில் ஒரு தகவல் ரொம்ப முக்கியம். கோஸ்டா ரிகாவில் காபித் தோட்டத்து நிழல் மரம் ஒன்றை எடுத்துக்கொண்டு, அதன் மேல்விதானத்தில் வாழும் பூச்சிகளை எண்ணினார்கள். அந்த ஒரே மரத்தில் 126 வகை வண்டுகள், 30 வகை எறும்புகள், எறும்பில்லாத குளவி இன உயிர்கள் 103 வகை. அது எரித்ரைனா மரம். நம்ம ஊர் கல்யாண முருங்கையோட சொந்தக்கார மரம்தான் அது. கொஞ்ச தூரத்தில் இருந்த இன்னொரு மரத்தைப் பார்த்தால், அங்கே இருந்த வண்டுகளில் பெரும்பாலானவை வேறு வகை. அப்ப ஒரு மரத்தை வெட்டினா பக்கத்து மரம் அதை ஈடு கட்டிடும்னு சொல்ல முடியாது, இல்லையா?

இன்னொரு பக்கம், வட அமெரிக்காவில் பறவை ஆர்வலர்கள் கவலையில் இருந்தார்கள். கோடையில் அங்கே கூடு கட்டி, குளிர்காலத்தில் தெற்கே வலசை போகும் பறவைகள் பல குறைந்துகொண்டு வருவதை 1989-ல் சாண்ட்லர் ராபின்ஸ் குழுவினரின் ஆய்வு காட்டியது. 1991-ல் வாஷிங்டனில் ஸ்மித்சோனியன் நிறுவனம் வலசைப் பறவைகளுக்கென ஒரு மையம் தொடங்கியது. அதை நடத்தியவர் மேலே சொன்ன ரஸ்ஸல் கிரீன்பெர்க். பால்டிமோர் ஓரியோல் மாதிரியான பறவைகள் குளிர்காலத்தில் எங்கே தங்குகின்றன என்று தேடிப் போனால், காட்டுக்கு அடுத்தபடியாக அவை நிறைய இருந்த இடங்களில் நிழல் காபித் தோட்டமும் ஒன்று.

கிரீன்பெர்க்குக்கும் ராபர்ட் ரைஸுக்கும் முன்னாடி இப்ப ஒரு கேள்வி. மரத்தை வெச்சிருக்கிற விவசாயிக்கு விளைச்சல் குறைவு. மரத்தை வெட்டினவருக்கு விளைச்சல் அதிகம். சந்தையில் இரண்டு பேருக்கும் ஒரே விலை. 1989 ஜூலையில் சர்வதேசக் காபி ஒப்பந்தத்தின் கோட்டா முறை உடைந்து, விலை பாதியாக விழுந்திருந்த நேரம் வேற. பறவைக்காக மரத்தை விட்டு வைங்கனு எந்த முகத்தோட அந்த விவசாயிகிட்ட போய்ச் சொல்றது?

பதில்: குடிக்கிறவங்ககிட்ட போய்க் கேட்போம். அமெரிக்காவில் பறவை பார்க்கிறவர்கள் லட்சக்கணக்கில் இருக்கிறார்கள். அவர்கள் தினமும் காபி குடிக்கிறார்கள். அவர்களுக்கும் விவசாயிக்கும் நடுவில் இல்லாத ஒரே விஷயம் தகவல்தான்.

முத்திரைக்குள் என்ன எழுதுவது?

1996 செப்டம்பரில் ஸ்மித்சோனியன் மையம் வாஷிங்டனில் ஒரு காபி மாநாடு கூட்டியது. விஞ்ஞானிகள், விவசாயிகள், காபி வியாபாரிகள் ஒரே கூரையின் கீழ் உட்கார்ந்தார்கள். அடுத்த சில வருடங்களில் 'பேர்ட் ஃப்ரெண்ட்லி' என்ற முத்திரை வந்தது.

நான் சாஃப்ட்வேர் ஆளு, அதனால எனக்கு இது இப்படித்தான் தெரியுது. ஒரு தோட்டம் என்பது பெரிய டேட்டா. எத்தனை மரம், என்ன வயசு, என்ன ஜாதி, யார் கூடு கட்டுறா. முத்திரை என்பது ஒரே ஒரு பிட். இருக்கு, அல்லது இல்லை. அத்தனையையும் ஒரு பிட்டுக்குள் சுருக்கும்போது எதைத் தூக்கிப் போடுறோம், எதை வெச்சுக்கிறோம் என்பதுதான் முழு விஷயமும்.

ஸ்மித்சோனியன்காரர்கள் வைத்துக்கொண்டது இவை. தோட்டம் இயற்கை வேளாண்மைச் சான்று பெற்றிருக்கணும். குறைந்தது 40 சதவீத நிழல் இருக்கணும். நிழலின் முதுகெலும்பான மரங்கள் குறைந்தது 12 மீட்டர் உயரம் இருக்கணும். அந்த முதுகெலும்பு மண்ணின் மரங்களால் ஆனதா இருக்கணும். அதுக்கு மேல இன்னும் குறைந்தது 10 ஜாதி மரங்கள் இருக்கணும். எல்லாம் ஒரே உயரத்தில் நிற்காமல் மேல், நடு, கீழ் என அடுக்குகளாக இருக்கணும்.

ஏன் இவ்வளவு நுணுக்கம்? வெறும் 'நிழல்' என்று எழுதினால் போதாதா? போதாது. 1999-ல் மெக்சிகோ ஆய்வாளர்கள் மொகெலும் டோலெடோவும் காபித் தோட்டங்களை ஐந்து வகையாகப் பிரித்தார்கள். ஒரு முனையில் காட்டுக்குள்ளேயே காபி. மறு முனையில் மொட்டை வெயில். நான்காவது வகையைக் கவனிங்க: ஒரே ஜாதி மரத்தை வரிசையா நட்டு, அதன் கீழே காபி. அங்கேயும் நிழல் இருக்கு. ஆனா உயிர்ப்பன்மை கிட்டத்தட்ட இல்லை. அதையும் 'நிழல் காபி' என்று எழுதி விற்கலாம். அமெரிக்காவில் அந்தச் சொல்லுக்குச் சட்டப்படி எந்த வரையறையும் கிடையாது.

குடகில் சில்வர் ஓக்

இந்த வித்தியாசத்தைப் பார்க்க மெக்சிகோ வரைக்கும் போக வேண்டாம், குடகுக்குப் போனாலே போதும். இந்தியக் காபி பெரும்பாலும் நிழலில்தான் வளர்கிறது. அதற்கு எந்த முத்திரையும் காரணம் இல்லை. அரபிகாவை வெயிலில் விட்டால் வெள்ளைத் தண்டுத் துளைப்பான் வந்து செடியைத் தின்றுவிடும். அதனால் நிழல் வைப்பதில் விவசாயிக்கே லாபம் இருக்கிறது.

ஆனா எந்த மர நிழல்? குடகில் பழைய காட்டு மரங்கள் போய், அந்த இடத்தில் ஆஸ்திரேலியாவில் இருந்து வந்த சில்வர் ஓக் பெருகியிருக்கிறது. விவசாயிகள் காரணம் இல்லாமல் செய்யவில்லை. சில்வர் ஓக் நேரா, சீக்கிரமா வளரும், மிளகுக்கொடி ஏற்ற வசதி. எல்லாத்தையும் விட முக்கியம், அதை வெட்டி விற்பது சுலபம். மண்ணின் மரம்னா அப்படி இல்லை. அதை வெட்ட அரசு அனுமதி வேணும், பல நிலங்களில் அந்த மரம் நில உரிமையாளருக்கே சொந்தமா என்பதே சிக்கல். மரத்தைக் காப்பாற்றப் போட்ட விதி, அந்த மரக்கன்றை யாரும் நடாமல் செய்துவிட்டது.

இப்ப நம்ம முத்திரைக்கு வாங்க. நிழல் சதவீதத்தை மட்டும் கேட்கிற முத்திரை இருந்தால், முழுக்க சில்வர் ஓக் நட்ட தோட்டமும் பாஸ் ஆகிவிடும். மண்ணின் மரம் எத்தனை ஜாதி என்று கேட்டால்தான் வித்தியாசம் தெரியும். முத்திரை எதை எண்ணுதோ, அதுதான் தோட்டத்துல மிஞ்சும். எண்ணாதது மெதுவா காணாமப் போகும்.

கண்டிப்பானது சிறுத்தது, தளர்ந்தது பெருத்தது

பேர்ட் ஃப்ரெண்ட்லி மட்டும் தனியா வரலை. அதற்கு முன்பே, 1988-ல் நெதர்லாந்தில் மாக்ஸ் ஹாவெலார் முத்திரை வந்திருந்தது. மெக்சிகோவின் ஓஹாகா மாநிலச் சிறு விவசாயிகளின் கூட்டுறவில் இருந்து வந்த காபி அது. நோக்கம் நியாய விலை. ஜாவாவின் காபி விவசாயிகள் டச்சு ஆட்சியில் பட்ட பாட்டைச் சொன்ன 1860-ஆம் ஆண்டு நாவலின் பெயரைத்தான் வைத்தார்கள். ரெய்ன்ஃபாரஸ்ட் அலையன்ஸ் 1990களில் வாழைத்தோட்டத்தில் ஆரம்பித்துக் காபிக்கு வந்தது. பச்சைத் தவளை முத்திரை, பார்த்திருப்பீங்க. பிறகு உட்ஸ். 2018-ல் உட்ஸும் ரெய்ன்ஃபாரஸ்ட் அலையன்ஸும் ஒன்றாக இணைந்தன.

இதில் எது பெரிதானது? தவளைதான். பெரிய கம்பெனிகளால் பெரிய அளவில் வாங்க முடிகிற மாதிரி அதன் விதிகள் இருந்தன. இயற்கை வேளாண்மைச் சான்று கட்டாயம் இல்லை. ஒரு காலத்தில் பாக்கெட்டில் 30 சதவீதம் சான்று பெற்ற காபி இருந்தாலே, அந்த அளவைக் குறிப்பிட்டுத் தவளையைப் போட்டுக்கொள்ளலாம். பேர்ட் ஃப்ரெண்ட்லியோ இன்றும் உலகக் காபியில் ஒரு துளிதான். அந்தச் சான்று பெற்ற தோட்டங்களின் காபியில்கூட ஒரு பெரும் பங்கு, வாங்க ஆள் இல்லாமல், முத்திரை இல்லாத சாதாரணக் காபியாகவே விற்கப்படுகிறது.

இதைக் கொஞ்சம் விவசாயி இடத்தில் இருந்து யோசிங்க. இயற்கை வேளாண்மைக்கு மாற மூன்று வருஷம் ஆகும். அந்த மூன்று வருஷமும் விளைச்சல் குறையும், ஆனா கூடுதல் விலை கிடைக்காது, ஏன்னா சான்று இன்னும் கைக்கு வரலை. அப்புறம் தணிக்கைக்குச் செலவு. எல்லாம் முடிஞ்சு முத்திரை வாங்கின பிறகு, 'இந்த வருஷம் அதுக்கு ஆர்டர் இல்லை'னு சொன்னா? நிழலோட செலவு முழுக்க அவர் தலையில், பறவை எல்லாருக்கும் பொது.

முத்திரைகள் நிஜமா வேலை செய்யுதானு ஆய்வாளர்களும் சோதித்துப் பார்த்தார்கள். 2007-ல் ஸ்டேசி ஃபில்பாட் குழுவினர் மெக்சிகோவின் சியாபாஸில் இயற்கை வேளாண்மை, நியாய வணிகம் ஆகிய சான்றுகள் பெற்ற தோட்டங்களையும் பெறாத தோட்டங்களையும் ஒப்பிட்டார்கள். மரங்களிலும் சரி, எறும்பு வகைகளிலும் சரி, பறவை வகைகளிலும் சரி, வித்தியாசம் இல்லை. சில இடங்களில் சான்று பெற்றவர்களின் வருமானம் மட்டும் கூடியிருந்தது. இதைப் பார்த்துட்டு 'முத்திரையே ஏமாத்து வேலை'னு சொல்றவங்க உண்டு. நான் அப்படிப் படிக்க மாட்டேன். அந்த முத்திரைகள் ரசாயனத்தைப் பற்றியும் விலையைப் பற்றியும் கேட்டன. மர ஜாதியைப் பற்றிக் கேட்கவே இல்லை. கேட்காத கேள்விக்குத் தோட்டம் ஏன் பதில் சொல்லணும்?

இதைவிடக் கூர்மையான விமர்சனம் 2003-ல் வந்தது. ஜான் ராப்போல் என்ற பறவையியலாளரும் சகாக்களும் கேட்டார்கள்: நிழல் காபிக்கு நல்ல விலை கிடைத்தால், நிஜக் காட்டின் அடிமரங்களை வெட்டிவிட்டு அங்கேயும் நிழல் காபி நட மாட்டார்களா? பயப்பட வேண்டிய கேள்விதான். மொட்டை வெயில் தோட்டத்தோடு ஒப்பிட்டால் நிழல் தோட்டம் சொர்க்கம். காட்டோடு ஒப்பிட்டால் அது நஷ்டம். எதோட ஒப்பிடுறோம் என்பதைப் பொறுத்து அதே தோட்டம் லாபக் கணக்கிலும் வரும், நஷ்டக் கணக்கிலும் வரும்.

அப்போ பயன் இல்லையா?

இருக்கு. எத்தியோப்பியாவைப் பாருங்க, காபிச் செடியின் தாய்வீடு. அங்கே பெலெட்டே-கெரா என்ற காட்டில் காபி காட்டுக்குள்ளேயே தானாக வளர்கிறது. மக்கள் போய்ப் பறித்து வருவார்கள். 2007-ல் அந்தக் காட்டின் சில பகுதிகளுக்கு ரெய்ன்ஃபாரஸ்ட் அலையன்ஸ் சான்று கிடைத்தது. பிறகு தகாஹாஷி, டோடோ என்ற இரண்டு ஜப்பானிய ஆய்வாளர்கள் செயற்கைக்கோள் படங்களை வைத்துப் பார்த்தார்கள். சான்று பெற்ற பகுதியில் காடழிவு மற்ற பகுதிகளைவிடக் குறைவாக இருந்தது. காபி வெறுமனே வளர்ந்துகொண்டிருந்த, சான்று இல்லாத பகுதிகளில் அந்தப் பாதுகாப்பு இல்லை.

சியாபாஸில் தெரியாத வித்தியாசம் இங்கே ஏன் தெரிந்தது? என் கணிப்பு இது. இங்கே முத்திரை காட்டைப் பற்றியே கேட்டது. காடு போனால் சான்று போகும், சான்று போனால் கூடுதல் விலை போகும். விவசாயிக்கு நிற்கும் மரத்துக்கும் கையில் வரும் காசுக்கும் நடுவில் நேர்க்கோடு இருந்தது.

இந்த நூற்றைம்பது வருஷக் கதையில் எனக்குத் தெரியுற பாடம் இதுதான். இலங்கையில் காட்டுக்கு விலை போடலை, அதனால வெட்டினாங்க. மத்திய அமெரிக்காவில் விளைச்சலுக்கு மட்டும் விலை போட்டாங்க, மறுபடியும் வெட்டினாங்க. முத்திரை என்பது நிழலுக்கு விலை போடும் முதல் முயற்சி. ஆனா அது விலைச்சீட்டு மட்டும்தான். வாங்குறவர் காசைக் கொடுக்கலைனா அது வெறும் ஸ்டிக்கர்.

தமிழ்நாட்டிலும் காபி விளையுது. ஏற்காடு, கீழ்ப்பழனி மலை, நீலகிரி. ஆரஞ்சு, பலா, மிளகு எல்லாம் கலந்த தோட்டங்கள் அங்கே இருக்கின்றன. அடுத்த தடவை நேரடியா ஒரு தோட்டக்காரர்கிட்டயோ, சின்ன ரோஸ்டர்கிட்டயோ காபி வாங்கும்போது இரண்டே கேள்வி கேளுங்க: 'மேலே என்னென்ன மரம் வெச்சிருக்கீங்க? அதுல நம்ம மண்ணு மரம் எத்தனை?' பட்டியல் சொல்ல ஆரம்பிச்சாருன்னா, பேரம் பேசாம வாங்கிடுங்க. அந்தக் கூடுதல் ஐம்பது ரூபாய்தான் மரத்தோட கூலி.

அவ்வளவுதான் இந்த எபிசோட். உங்க ஊர்ப் பக்கம் காபித் தோட்டம் இருந்து, அங்கே என்ன மரம் இருந்தது, இப்ப என்ன இருக்குனு உங்களுக்கோ உங்க வீட்டுப் பெரியவங்களுக்கோ தெரிஞ்சா எழுதி அனுப்புங்க. அடுத்த எபிசோடில் சந்திப்போம்.